மாமாவுக்கு எந்த நாய்? சுங்கை சிப்புட்டில் நாங்கள் போட்ட கணக்கு

நாய் என்ற பேச்சை வீட்டில் முதலில் எடுத்தது அத்தைதான். முப்பது வருடமாக எந்த நாயையும் வாசற்படி தாண்ட விடாதவர். "ராத்திரியில இவரைத் தொட்டு எழுப்ப எனக்குப் பயமா இருக்குப்பா. போன மாசம் கையை ஓங்கிட்டாரு, காலையில கேட்டா அவருக்கே தெரியல. ஒரு நாய் இருந்தா அது எழுப்பட்டும்" என்றார்.

மாமா மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படையில் 21 வருடம் இருந்து பென்ஷனோடு வந்தவர். 1980களில் கெரிக் காட்டில், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பக்கம் ரோந்து. அவருக்கு முன்னால் நடந்தவர் புதைத்து வைத்த வெடியை மிதித்தார். 'ஜெராங்காப் சமார்' என்று மாமா மலாயில்தான் சொல்வார். அதைத் தமிழில் சொல்லி நான் கேட்டதே இல்லை. 1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்தின் ஹட்யாயில், அவர்கள் காட்டில் எதிர்த்துச் சண்டை போட்ட கம்யூனிஸ்டுக் கட்சியோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. மாமா இன்னமும் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் காரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு வெடிச்சத்தம் ஓயும்வரை உட்கார்ந்திருப்பார்.

டாக்டரிடம் போகப் பத்து வருடம் ஆனது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்பது நம் பக்கத்தில் ஒரு கேலிப்பேச்சு. 1911இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். அந்தப் பெயருக்குப் பயந்தே மாமா தூங்காமல் கிடந்தார். கடைசியில் ஈப்போவில் பார்த்த டாக்டர் பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு மனதை விடாமல் பிடித்திருக்கும் பாதிப்பு என்றார், மருந்தும் பேச்சு சிகிச்சையும் தொடங்கினார். நாயைப் பற்றிக் கேட்டதற்கு, "சிகிச்சையோடு சேர்த்து என்றால் சரி, சிகிச்சைக்குப் பதிலாக என்றால் வேண்டாம்" என்றார்.

அதன்பிறகு எட்டு மாதம் விசாரித்தோம். ராணுவத்திலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் யாராவது இதே யோசனையில் இருந்தால் எங்கள் அலைச்சல் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதில்தான் நம்மைக் குழப்புகிறார்கள். ஒருவருடைய குறைபாட்டுக்கென்று குறிப்பிட்ட வேலைகளைச் செய்யப் பழக்கியது சேவை நாய். பார்வையற்றவரை அழைத்துப் போவது, விழுந்த மருந்துப் பெட்டியை எடுத்துத் தருவது, கெட்ட கனவிலிருந்து எழுப்புவது எல்லாம் அந்த வகை. இந்த அமைப்புகளுக்கான உலகக் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் குறைந்தது 3 வேலையாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. தெரப்பி நாய் என்பது தன் சொந்தக்காரரோடு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ வந்து பலரிடமும் கொஞ்சிவிட்டுப் போவது. மூன்றாவது ஆறுதல் நாய்: தனிப் பயிற்சி எதுவுமில்லை, கூட இருப்பதே அதன் வேலை. நாய்க்குச் சேவைக் கோட்டு மாட்டிவிட்டால் இதில் எதுவும் மாறாது. அந்தக் கோட்டை இணையக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இதெல்லாம் போரில்தான் தொடங்கியது என்பது எனக்கே புதுச் செய்தி. முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்புர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று திறந்தார்கள். அதைச் சொன்னபோது மாமா எங்கள் ஊர்க் கதைக்குத் தாவிவிட்டார். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டதில்தான் அவசரகாலம், அதாவது பிரிட்டிஷாருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நடந்த காட்டுச் சண்டை, தொடங்கியது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சண்டையில் 1949 முதல் 1952 வரை மோப்பம் பிடித்த பிரிட்டிஷ் நாய்கள் நாலு, அதில் உயிரோடு மிஞ்சியது லக்கி என்ற ஒன்றுதான். 2007இல் அதற்கு, வீரமான மிருகங்களுக்குத் தரும் டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். "நாய்க்காவது கொடுத்தானே" என்றார் மாமா. அவர் அதிகம் பேசிய நாள் அது.

சரி, கணக்குக்கு வருவோம்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கக் கதைகள். ஃபுளோரிடாவில் 2011இல் தொடங்கிய கே9ஸ் ஃபார் வாரியர்ஸ் போன்ற அமைப்புகள், முழுக்கப் பயிற்சி கொடுத்த நாயை முன்னாள் வீரருக்கு இலவசமாகத் தருகின்றன. அப்படி ஒரு நாயைத் தயாராக்க அங்கே 20,000 டாலரைத் தாண்டும். நன்கொடை அதைச் சுமக்கிறது. வீரர் சில வாரம் அங்கேயே தங்கி நாயோடு பழகுகிறார். ஆஸ்திரேலியாவில் முன்னாள் வீரர் நலத்துறையே மனநல உதவி நாய்க்குப் பணம் கட்டுகிறது. படிக்கப் படிக்க என் தங்கை விண்ணப்பப் படிவமே தேடத் தொடங்கிவிட்டாள். ஆனால் இவை அந்தந்த நாட்டுப் படைவீரர்களுக்கான ஏற்பாடுகள். மலேசிய ராணுவத்திலிருந்து வந்தவருக்கு அங்கே வரிசையே இல்லை.

காசு கொடுத்து வாங்கிக் கொண்டுவரலாமே? இறக்குமதி பெர்மிட் வேண்டும், வரும் நாட்டைப் பொறுத்துத் தனிமைப்படுத்தும் நாட்கள் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் மாமாவின் ஆசை. அது கால்நடைத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் இனம், தனி அனுமதி கேட்க வேண்டும். இதையெல்லாம் தாண்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். தாண்ட முடியாதது வேறொன்று.

அந்த விலையில் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று பாருங்கள். சேவை நாய்க்கு ஒன்றரை, இரண்டு வருடம் பயிற்சி. அதில் பெரும்பகுதி மால், பேருந்து, உணவுக்கடை, விமானம் இவற்றில் சத்தமில்லாமல் காலடியில் படுத்திருக்கப் பழக்குவது. அமெரிக்காவில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே சட்டம் அந்த நாயை உள்ளே விடச் சொல்கிறது. கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: இது குறைபாட்டுக்காக வைத்திருக்கும் சேவை நாயா, என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது? நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. நாயோடு போகும் உரிமையைப் பற்றி அதில் பேச்சில்லை. சீனாவிலிருந்து வழிகாட்டி நாய் வரவழைத்த பார்வையற்ற ஒருவரைக் கோலாலம்பூர்ப் பக்கத்திலேயே மால்களில் உள்ளே விடவில்லை என்று பத்திரிகையில் வந்தது. கண் தெரியாதவருக்கே அந்தக் கதி என்றால், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத என் மாமாவுக்கு?

அதற்கும் மேல், மாமா மாலுக்கே போவதில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் இருபது வருடம் இருக்கும். அவருடைய சிரமம் வீட்டுக்குள், இரவு பன்னிரண்டிலிருந்து விடியற்காலை ஐந்து வரை. இந்த இடத்தில்தான் எங்கள் கணக்கு திரும்பியது. பயன்படுத்தவே முடியாத திறமைக்கு எதற்குப் பணம்?

அப்படியானால் எந்த நாயாக இருந்தாலும் போதுமா, பயிற்சி எதற்கு என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்க முன்னாள் வீரர் துறையே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2021இல் வெளிவந்த அந்த ஆய்வில் பிடிஎஸ்டி உள்ள 227 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் சேவை நாய், மறு பாதிக்கு ஆறுதல் நாய் என்று ஒதுக்கி, 18 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பிடிஎஸ்டி அறிகுறிகள் சேவை நாய்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தன. தற்கொலை எண்ணமும் குறைவு. அதை நான் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டேன். சும்மா இருக்கும் நாயை ஏளனம் செய்ய வேண்டாம். அதே சமயம், இரவு விஷயத்தில் பயிற்சியை விட்டுவிடவும் வேண்டாம்.

குட்டி வாங்கி நாமே வளர்த்துப் பழக்குவது அடுத்த வழி. பிள்ளைகளுக்கெல்லாம் இதில்தான் ஆசை. எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. தலைமுறை தலைமுறையாக இதற்கென்றே வளர்க்கும் பெரிய பள்ளிகளிலேயே குட்டிகளில் பாதிக்குப் பாதி தேறுவதில்லை என்கிறார்கள். பயந்த சுபாவம், இடுப்பெலும்புக் கோளாறு, பூனையைக் கண்டால் ஓடுவது என்று ஏதாவது ஒன்றில் கழிந்துவிடும். நம் கையில் ஒரே ஒரு குட்டி. தேறாவிட்டால் திருப்பிக் கொடுக்கவா முடியும்? போதாக்குறைக்கு முதல் ஆறு மாதம் அது இரவெல்லாம் கத்தும், செருப்பைக் கடிக்கும். தூக்கமில்லாத மனிதருக்குத் தூக்கமில்லாத குட்டியைக் கொடுப்பது என்ன வைத்தியம்?

தெரப்பி நாய் வந்து போகும் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய நகரங்களில் உண்டு. பகலில் வந்து பகலிலேயே போய்விடும். ஆனால் மாமாவுக்கு நாய் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதே யோசனையைச் சின்னதாகப் பயன்படுத்தினோம். தெரிந்தவர் வீட்டு வயதான லாப்ரடாரை நாலு ஞாயிறு சாயந்திரம் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். முதல் வாரம் மாமா டீவியை மட்டும் பார்த்தார். மூன்றாவது வாரம் பிஸ்கட் எடுத்து வைத்திருந்தார். எந்த முடிவுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். செலவே கிடையாது.

நாயே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான், அதை நாங்கள் ஒதுக்கவில்லை. குடி கட்டுக்குள் வராத வீடு, கோபத்தில் கை நீளும் வீடு, சாப்பாடு போட மறந்துபோகும் அளவுக்குச் சோர்ந்து கிடக்கும் மனிதர் என்றால் நாயைக் கொண்டுவருவது அந்த நாய்க்குச் செய்யும் பாவம். 2015ஆம் ஆண்டு மிருகநலச் சட்டம் வேறு இருக்கிறது. மாமா விஷயத்தில் நாங்கள் பார்த்தது ஒன்றைத்தான்: அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாய்க்கு யார் சோறு போடுவது? அத்தை "நான்" என்று சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாரம் நல்லது.

மிச்சமிருந்தது, வளர்ந்த நாய் ஒன்றைக் குணம் பார்த்து எடுத்து, வீட்டுக்குத் தேவையான இரண்டு மூன்று வேலைகளை மட்டும் பழக்குவது. அதைத்தான் எடுத்தோம். இரண்டு வயது நாய் என்றால் அதன் சுபாவம் வெளியே தெரிந்திருக்கும். எங்கள் மாமாவுக்கு 63, நாய்க்கு இன்னும் எட்டு பத்து வருடம், அந்தக் கணக்கும் ஒத்துவந்தது.

குணம் பார்ப்பது எப்படி என்று ஈப்போவிலிருந்து வரும் பயிற்சியாளர் காட்டினார். பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார். திடுக்கிடாத நாயே கிடையாது. திடுக்கிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் வந்து தட்டை மோந்து பார்க்கிறது என்பதுதான் சோதனை. கைப்பேசியில் வெடிச்சத்தத்தை மெல்லமாக வைத்துப் பிறகு கூட்டினார். பார்க்க அழகான ஒரு கோல்டன் ரிட்ரீவர் அதில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தீபாவளி இரவில் நடுங்குவதற்கு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இரண்டாவது ஆள் வேண்டாம். கடைசியில் தேறியது, காப்பகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத, காது ஒன்று மடிந்த, லாப்ரடார் கலந்த நாட்டு நாய். பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்தார்கள்.

வேலைகளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பெரிய விவாதம். அமெரிக்க வீரர்கள் பலர் நாயை ஒவ்வொரு அறையாக முன்னால் அனுப்பி, யாருமில்லை என்று உறுதியான பிறகே உள்ளே போகிறார்கள். வரிசையில் நிற்கும்போது நாய் முதுகுப்பக்கம் நின்று காவல் காக்கும். மாமாவுக்கு இதைக் கேட்டவுடன் முகம் மலர்ந்தது. டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "டார்ச்சை வைத்துக்கொண்டு செய்வதையே நாயை வைத்துக்கொண்டு செய்வார். பயம் சரிதான் என்று பயத்துக்கே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, மாமாவுக்கு இன்றும் அதில் மனக்குறை. ஆகவே இரண்டே வேலை: கனவில் முனகினால் எழுப்புவது, மனம் பதறும்போது மடியில் தலையை அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பது. மூன்று வேலை இல்லாததால் உலகத் தரத்துக்கு மணி சேவை நாயே கிடையாது. இருக்கட்டும்.

எழுப்பப் பழக்குவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பட்டப்பகலில் மாமா படுத்துக்கொண்டு முனகி, காலை உதறி நடிப்பார். நாய் மூக்கால் பாதத்தை இடித்தால் கோழித் துண்டு. தலைப்பக்கம் வரவே கூடாது. அரைத்தூக்கத்தில் கை வீசினால் அடி படும் என்பதால் கால்பக்கம்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பிறகு நிஜ இரவில். தினமும் பத்து நிமிடம், வாரம் ஒரு முறை பயிற்சியாளர். இரண்டு மாதம் ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தது.

எங்கள் ஊருக்கென்று சில விஷயம் உண்டு, எந்த வழியை எடுத்தாலும் இவை கூடவே வரும். வீட்டுக்குப் பின்னால் செம்பனை. எலிக்குப் போடும் மெழுகுக்கட்டி மருந்து மரத்தடியில் கிடக்கும். நாய் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியும். வைட்டமின் கே1 அதற்கு மாற்று. தின்றது தெரிந்தால் காத்திருக்காமல் அப்போதே மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு வேறு. அதனால் மணியைத் தோட்டத்துப் பக்கம் கயிறில்லாமல் விடுவதே இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கும், கொசு கொண்டுவரும் இதயப்புழுவுக்கும் மாதாமாதம் மருந்து. நடை காலை எட்டுக்குள், இல்லாவிட்டால் வெயில் இறங்கிய பிறகு. மத்தியானத் தார்ச்சாலையில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், காரணம் புரியும். லைசென்ஸ் எங்களுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். வீட்டு வகையைப் பார்த்து நாய் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் ஊராட்சிகள் உண்டு, நாயை எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஹாஜியிடம் நாய் வருவதற்கு முன்பே மாமா போய்ப் பேசினார். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். அவர்கள் மரபில் நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். தொழுகைக்குக் கிளம்பும் மனிதருக்கு அது சின்ன வேலையில்லை. ஹாஜியும் முன்னாள் ராணுவம். எதற்காக நாய் என்று மாமா சொன்னதும் அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம், "பின்பக்கம் கட்டு, குளிப்பாட்டும் தண்ணி என் வாசல் கால்வாய்க்கு வர வேணாம், அவ்வளவுதான்" என்றாராம். குளியல் இடத்தை வீட்டுக்கு மறுபக்கம் மாற்றினோம். பூஜை அறைக்கு அத்தை ஒரு குட்டிக் கேட் போட்டார். எங்களுக்கு ஆன செலவில் அதுதான் கண்ணுக்குத் தெரியும் செலவு. மற்றதெல்லாம் கோழி, மருந்து, பயிற்சியாளரின் வாரக் கூலி.

இப்போது ஏழாவது மாதம். மாமாவின் மருந்து அளவு மாறவில்லை, டார்ச்சும் தலைமாட்டில்தான் இருக்கிறது. போன தீபாவளிக்குக் காருக்குள் போய் உட்கார்ந்தவர் மணியையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். கனவு வரும் இரவுகளில் மணி முதலில் அவர் பாதத்தை இடிக்கிறது, அவர் எழவில்லை என்றால் அறையைவிட்டு வெளியே வந்து, பிள்ளைகள் அறையில் படுக்கும் அத்தையின் கையை நக்குகிறது. இது யாரும் சொல்லிக் கொடுக்காதது. பழக்கத்தைத் திருத்திவிடவா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். ஆனால் நக்காமல் இடிக்க மட்டும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.